முப்பத்தெட்டு டப்பா

சனிக்கிழமை மத்தியானம் ஊட்டியில் அந்த ஆய்வுக்கூடத்தில் சரிதாவைத் தவிர ஈ காக்கை இல்லை. திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கைக்கு ஒரு படம் பாக்கி. அதைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பலாம் என்றுதான் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் இதுதான். கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். தேயிலைத் தோட்டம் அதற்கு வாடகையில்லாத வீடு. அதைக் கொல்ல ஒரே மாத்திரையை எத்தனையோ வருஷமாக ஊரெல்லாம் கொடுத்துவருகிறார்கள். ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும் என்ற பயம் விஞ்ஞானிகளுக்கு உண்டு. ஆகவே புதிய மருந்து வேண்டும். புதிய மருந்துக்குப் புழுவின் உடம்பில் அடிக்க ஓர் இடம் வேண்டும். நம் உடம்பில் இல்லாத இடமாகவும் அது இருக்க வேண்டும்.

அந்த இடத்தைத்தான் சரிதா ஆறு வருஷமாகத் தேடினாள். ஒரு புரதம் எப்படி மடங்கி என்ன வடிவத்தில் நிற்கும் என்று இப்போதெல்லாம் கணினியே கணித்துச் சொல்லிவிடுகிறது. சொன்னதைப் பார்க்கத்தான் மனுஷர் வேண்டும். புழுவின் புரதங்களை ஒவ்வொன்றாகத் திரையில் திருப்பிப் போட்டு, மனித உடம்பில் அதே வேலை செய்யும் புரதத்தைப் பக்கத்தில் நிறுத்தி, கண் பூத்துப்போகும்வரை பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. குடித்த ரத்தத்தைச் செரிக்கப் புழு வைத்திருக்கும் புரதம். அதன் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு குழி. மனிதப் புரதத்தில் அந்த இடம் மொழுக்கென்று இருந்தது. இட்லித் தட்டில் மாவு உட்கார்கிற மாதிரி ஒரு மருந்து அந்தக் குழியில் போய் உட்கார்ந்துவிட்டால் புழு பட்டினி கிடந்து சாகும், நமக்கு ஒன்றும் ஆகாது.

கணினி சொன்னால் மட்டும் போதாது. மலையில் மனிதர் வயிற்றில் உள்ள நிஜப் புழுவிடம் அந்தக் குழி இருக்கிறதா, எல்லாப் புழுவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் குழி மாறினால் மருந்து பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். அதற்காகச் சரிதா தான் பிறந்த லயத்துக்கே, தோட்டக் கூலியாட்களின் வரிசை வீடுகளுக்கே, போனாள். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டம், அதில் மூன்றாம் டிவிஷன். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த அவளுடைய அப்பா பொன்னுத்துரைக்கு வேலை கிடைத்த இடம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா விஜயா மட்டும் இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறாள். நாற்பது பெண்களிடம் சின்ன டப்பாவைக் கொடுத்து, காலையில் வெளிக்குப் போனதில் ஒரு ஸ்பூன் வாங்கி வைக்கும் பொறுப்பை விஜயா முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டாள்.

முடிவு அபாரமாக வந்தது. நாற்பதில் முப்பத்தெட்டு டப்பாவில் புழு முட்டை. முப்பத்தெட்டிலும் குழி அச்சு அசலாக ஒன்று. அது போதாதென்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஐந்து மாதத்துக்கு முன் அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் மாத்திரை கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடி வாங்கிப் பார்த்தால், ஒருவருக்குக்கூட முட்டை குறையவில்லை. பழைய மாத்திரை செல்லாக்காசாகிவிட்டது, புதிய மருந்துக்கு இடம் தயார். ஓர் அறிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆய்வுக்கூடத் தலைவர் லூயிஸ் சார் லேசில் வாய் திறந்து பாராட்டுகிறவர் இல்லை. அன்றைக்கு அவரே போய்க் காபி வாங்கிவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை அறிக்கை போய்விட்டால் பெங்களூரில் ஒரு நிறுவனம் அந்தக் குழிக்குப் பொருந்தும் மருந்துகளைச் செய்து பார்க்கும். சரிதாவின் வேலையும் மூன்று வருஷம் நீளும். போகாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தப் படத்துக்காகத்தான் அவள் அன்றைக்குக் குழி உள்ள துண்டோடு நிறுத்தாமல் மரபணு முழுவதையும் திறந்தாள். புரதத்தின் வடிவத்தைக் கெடுக்காத சில்லறை வித்தியாசங்கள் மரபணுவில் எப்போதும் இருக்கும். ஒருவர் வயிற்றில் நூறு புழு இருந்தால் அறுபது ஒரு ரகம், நாற்பது இன்னொரு ரகம் என்று கலந்து கிடக்கும். அடுத்த ஆள் வயிற்றில் அந்தக் கலவை மாறியே தீரும். சரிதா முதல் டப்பாவைப் பார்த்தாள், எழுபதுக்கு முப்பது. இரண்டாவதிலும் எழுபதுக்கு முப்பது. பத்தொன்பதாவதைப் பார்த்தாள். கடைசி டப்பாவைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே எழுபது, அதே முப்பது.

முப்பத்தெட்டுப் பேரிடம் குழி ஒன்றாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. முப்பத்தெட்டும் ஒரே வயிற்றிலிருந்து வந்தவை.

ஒரே லயம், ஒரே மண், ஒரே கக்கூஸ், அதனால்தான் இப்படி வந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் தனக்குத்தானே பூச்சுற்றிக்கொண்டாள். அது நிற்கவில்லை. இன்னொரு யோசனையும் வந்தது. வராமல் இருக்குமா? அறிக்கையில் குழி மட்டும்தான் காட்டப் போகிறாள். முழு மரபணுவையும் யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டால் மூடினது மூடினதுதான். லூயிஸ் சாருக்குப் போன் பண்ண எடுத்த கையை அவள் கீழே வைத்துவிட்டாள். நாளைக்கு லயத்துக்குப் போய் நேரில் விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். விசாரிக்கப் போகிறாளாம்! ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று அக்கா ஒரு சத்தியம் செய்து கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ்ஸில் இறங்கியபோது மார்க்கெட் பக்கம் பந்தல் போட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணவில்லை. பலர் பறிக்காமலே விட்டுவிட்டதில் செடிகள் இடுப்பைத் தாண்டி வளர்ந்து நின்றன. விலை கிடைக்காதபோது முதலில் அடி விழுவது கூலியாள் தலையில்தானே. மூன்றாம் டிவிஷனில் வாரம் மூன்று நாள்தான் வேலை. ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று எட்டு மாதமாகப் பேச்சு. யார் யார் என்பதுதான் தெரியவில்லை, அதனால் எல்லோருக்கும் தூக்கம் போயிருந்தது.

விஜயா ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னா புள்ள, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? இரு, தேத்தண்ணி வைக்கிறேன்.”

“தேத்தண்ணி இருக்கட்டும்க்கா. ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லு. டப்பாவெல்லாம் அவங்கவங்க குடுத்ததுதானா?”

விஜயா கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். திருட்டு மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை. ஒரு நல்ல காரியம் தெரிந்துவிட்டதே என்று கூச்சப்படுகிற சிரிப்பு. 

“அது மெசின்ல தெரிஞ்சிருச்சா? கெட்டிக்கார மெசின்தான்.”

“யாரோடது?”

“மருதாவோடது. கடைசி ஊட்டு மருதாம்பா.”

“முப்பத்தெட்டுமா?”

“ரெண்டு பேரு மட்டும் அருவருப்புப் பட்டுக்கிட்டு சொந்தமாக் குடுத்தாளுக. மத்ததெல்லாம் அவளோடதுதான். ஒரு ஸ்பூனுதானே கேட்ட, அதுல என்னா கொறஞ்சு போச்சு?”

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? ஏன்?”

“நீ கேட்டதாலதான்!” விஜயாவுக்கும் இப்போது குரல் ஏறியது. “மொத தடவ ஒழுங்காத்தான் பதினஞ்சு டப்பா குடுத்தோம். நீ போன்ல என்னா கத்து கத்துன? புழு இல்லாத டப்பாவ வெச்சு நான் நாக்கு வழிக்கவா, புழு இருக்கறதாப் பாத்துக் குடு, இல்லாட்டி என் வேலையே போயிரும்னியா இல்லியா?”

சொன்னாள். அன்றைக்குப் பதினைந்தில் ஒன்றில்தான் முட்டை இருந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறபோது சொல்லக் கூடாத வார்த்தை அது. அக்காதானே என்று சொல்லிவிட்டாள்.

“அந்த ஒண்ணும் என் பேருல குடுத்ததுதான். சோதிச்சுப் பாக்கலாம்னு மருதாவோடதப் போட்டுக் குடுத்தேன். ‘அக்கா, உனக்கு நெறைய இருக்கே’ன்னு நீ அழுத. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சரி, இவகிட்டத்தான் சரக்கு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் கூடிப் பேசினோம். நம்ம லயத்துல படிச்ச ஒத்தப் புள்ள, வேல போயிரும்ங்குது, விட்ருவோமா? கொழுந்துல செய்யறதத்தானே இதுலயும் செஞ்சோம்.”

கொழுந்தில் செய்வது என்னவென்று சரிதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை கிலோ எடுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். உடம்புக்கு முடியாத ஒருத்தி பின்தங்கினால், எடை போடுவதற்கு முன்னால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் பையில் போட்டுவிடுவார்கள். யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவளுடைய அம்மாவுக்குக் காமாலை வந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க அப்படித்தான் பேர் விழுந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள், ஆராய்ச்சிக்கு இந்த லயத்தைத் தேர்ந்தெடுத்தபோது அதை மறந்துபோனாள். வேறு யாராவது செய்திருந்தால் தெரியாத தப்பு என்று சொல்லலாம். அவள் செய்ததை என்னவென்று சொல்வது?

“மருதாக்கா பேருலயே ஒரு டப்பா குடுத்திருக்கலாமே?”

“எம் பேர எங்கயும் எழுதக் கூடாதுன்னுட்டா. சீக்காளின்னு தோட்டத்து டிஸ்பென்சரில தெரிஞ்சா, ஆள் கொறைக்கறப்ப மொதப் பேரா அடிச்சிருவானாம். இப்பவே ரெண்டு பாத்தி எடுக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது அவளுக்கு. நாங்கதான் பைய நெரப்பறோம்.”

“மாத்திரை? மாத்திரையாவது எல்லாரும் போட்டீங்களா?”

“எங்களுக்கு எதுக்கு? புழு அவளோடது. மாத்திரையும் அவளுக்குத்தானே சேரணும்? மொத்தத்தையும் அவகிட்டயே குடுத்தாச்சு.”

ஒவ்வொருவரும் வாயில் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பொட்டலத்தை அக்கா கையில் திணித்துவிட்டு ஓடினவள் சரிதாதான். ரத்தமே இல்லாத உடம்பில் முப்பத்தெட்டு மாத்திரை! முதலில் பதறினாள். பதறின கையோடு இன்னொரு நினைப்பு தலை நீட்டியது. அத்தனை மாத்திரை தின்றும் புழு சாகவில்லையென்றால் பழைய மருந்து நிஜமாகவே பலிக்கவில்லை என்று ஆகும். அறிக்கையில் பாதி பிழைத்துக்கொள்ளும். ஒரு பொம்பளை செத்தாளா பிழைத்தாளா என்று தெரியுமுன் தன் புத்தி எங்கே போகிறது பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த நப்பாசை போகவில்லை. அதையும் சுமந்துகொண்டுதான் கடைசி வீட்டுக்கு ஓடினாள். விஜயா பின்னாலேயே வந்தாள்.

மருதாம்பாளுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் திருப்பூருக்கு வேலைக்கென்று போய் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி இருந்தது. பாதம் இரண்டும் வீங்கி, விரல்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை. சரிதாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். எழுவதற்குள் மூச்சு இரைத்தது.

“அட, சரிதா புள்ளயா! வா வா. விஜயா சொன்னா, மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே. நம்ம லயத்துப் புழுவ வெச்சே.”

“அக்கா, எழுந்திரிக்காதீங்க. அந்த மாத்திரையெல்லாம் எத்தனை போட்டீங்க?”

மருதாம்பாள் பெருமையாக விஜயாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மடித்து வைத்திருந்த புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தாள். பட்டை பட்டையாக மாத்திரைகள். ஓர் உறைகூடக் கிழியவில்லை.

“ஒண்ணுகூடத் தொடல.”

“ஏன்க்கா?”

“என்னா இப்படிக் கேக்குற? மூணு வாரம் கழிச்சுத் திரும்ப வேணும்னு நீ சொன்னியாமே. இதப் போட்டா அது செத்துப்போயிருமாம்ல? அப்புறம் உனக்கு எங்க போறது?” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “திரும்பக் குடுத்ததுக்கு அப்புறமும் யோசனதான். இன்னொருவாட்டி கேட்டுட்டா? அதான் அப்படியே விட்டு வெச்சிருக்கேன். இப்பக் கொஞ்சம் தாங்க முடியல. படுத்தா நெஞ்ச அடைக்குது. இன்னும் எத்தன நாளைக்கு வேணும்னு மட்டும் சொல்லிரு. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்குவேன்.”

விஜயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்கே இது தெரியாது. தின்றிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சரிதா அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? ஒரு பட்டையைக் கிழித்து மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

“போதும்க்கா. இனிமே வேணாம். இத மென்னு முழுங்குங்க.”

“நெசமா போதுமா?”

“நெசமா.”

மருதாம்பாள் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மெல்லுவதைக் கடைசிவரை சரிதா நின்று பார்த்தாள். அக்காவைப் பார்த்து, “ஜீப்புக்குச் சொல்லுக்கா, கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகணும். புழு அப்புறம், மொதல்ல ரத்தம் ஏத்தணும்,” என்றாள்.

“ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு வேல நாளு புள்ள. பேரு போயிரும்,” என்றாள் மருதாம்பாள்.

“பேரு கெடக்குது, மொதல்ல நீ கெளம்பு,” என்று சொல்லிவிட்டு விஜயா வெளியே ஓடினாள்.

சரிதா போனை எடுத்து அங்கேயே, மருதாம்பாளுக்கு முன்னாலேயே, லூயிஸ் சாரைக் கூப்பிட்டாள். வெளியே போய்ப் பேசினால் மனசு மாறிவிடும் என்று தன்னைப் பற்றியே பயமாக இருந்தது.

“சார், அறிக்கைய அனுப்ப வேண்டாம். முப்பத்தெட்டு பேர் இல்ல சார். எல்லாம் ஒரே ஆளோடது. மாத்திரையும் யாரும் போடல. எல்லாமே தப்பு.”



“எப்படித் தெரிஞ்சுது?”

“முழு மரபணுவையும் பாத்தேன். நேத்தே பாத்துட்டேன் சார். நேத்தே சொல்லியிருக்கணும்.”

“சரி.” அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. “அனுப்ப முடியாதும்மா. நாளைக்கு நான் எழுதித் தெரிவிச்சிடறேன். உங்க வேலை நீட்டிப்பு... அதுக்கு இனிமே என்கிட்ட வழி இல்ல சரிதா.”

“தெரியும் சார்.”

போனை வைத்தபோது மருதாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளிறின முகத்தில் கண் மட்டும் பெரிதாக அவளையே பார்த்தது.

“ஒரே ஆளுன்னியே, என்னையவா சொன்ன?”

“ஆமாக்கா.”

“என்னோடது ஆகாதா?”

“உங்களோடது நல்லதுதான்க்கா. ஆனா நாப்பது பேரோடது தனித்தனியா வேணும். ஒருத்தரோடத வெச்சு எதையும் சொல்ல முடியாது. அது உங்க தப்பு இல்ல, என் தப்பு. நான்தான்...”

“அப்ப மருந்து?”

“இப்போதைக்கு இல்லக்கா.”

மருதாம்பாள் அதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள். வீங்கின காலைப் பார்த்தாள். மடியில் கிடந்த பையைப் பார்த்தாள்.

“அப்ப அஞ்சு மாசமா நான் சும்மாவா சுமந்தேன்?”

சரிதாவுக்கு ஆறு வருஷம் போனது, வேலை போனது, எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் எங்கேயோ போய்விட்டது. ஏதாவது சொல், பொய்யாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த லயத்தில் இனிமேல் ஒரு பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

ஜீப் வந்து வாசலில் நின்றது. விஜயாவும் பக்கத்து வீட்டுப் பங்கஜமும் மருதாம்பாளைக் கைத்தாங்கலாக நடத்திவந்தார்கள். படி உயரமாக இருந்தது. முதலில் ஏறியிருந்த சரிதா உள்ளிருந்து கையை நீட்டினாள். மருதாம்பாள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நின்று மூச்சு வாங்கிவிட்டு, விஜயாவின் தோளைப் பிடித்து ஏறினாள்.